பச்சைக் களிம்பு ஏறிய பழைய கேமரா: பேட்டரி முனையை ஈயம் வைத்துச் சரிசெய்யும் முறை

லாபிஸ் – தாத்தா வைத்திருந்த யாஷிகா, அப்பா சிங்கப்பூரில் வாங்கி வந்த கேனன், கல்யாண வீடுகளில் படம் பிடித்த மாமாவின் பிளாஷ். இதில் ஏதாவது ஒன்று நம்மில் பலர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இன்னும் கிடக்கிறது. எடுத்துத் தூசி துடைத்து, பேட்டரி மூடியை ஒரு சில்லறைக் காசால் திருகித் திறந்தால், உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். புதிய பேட்டரி போட்டுப் பார்த்தாலும் ஒளிமானியின் முள் அசையாது. "செத்துப் போச்சு" என்று சொல்லித் திரும்ப மேலேயே வைத்துவிடுகிறோம்.

பெரும்பாலும் அது சாகவில்லை. பேட்டரியைத் தொடும் தகடும், அதன் முதுகில் பற்றவைத்த மெல்லிய ஒயரும் அரித்துப் போயிருக்கும். கேமராவின் மற்ற பாகங்கள் நல்ல நிலையில் இருந்தாலும் அந்த ஒரு சென்டிமீட்டர் இடத்தில் மின்சாரம் நின்றுவிடும். தகட்டைச் சுத்தம் செய்து, கெட்ட ஒயரை வெட்டி எறிந்து, புது ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் பல கேமராக்கள் எழுந்துவிடும். வேலை சிறியதுதான். ஆனால் பிளாஷ் உள்ள கருவியில் தவறான இடத்தைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் கீழே வரும் எச்சரிக்கைப் பகுதியைப் படிக்காமல் திருப்புளியை யாரும் கையில் எடுக்க வேண்டாம்.

களிம்பு எங்கிருந்து வருகிறது?

கடைகளில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம் இருக்கிறது. பேட்டரி தீர்ந்த பிறகும் உள்ளே வேதிவினை நிற்பதில்லை. ஹைட்ரஜன் வாயு மெல்ல மெல்லச் சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் அடைப்பு விலகிக் காரம் கசிகிறது. வெளியே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைத் தூளாக உறைகிறது. அது செம்பையோ பித்தளையையோ தொட்ட இடத்தில்தான் பச்சையும் நீலமும். நம் பாட்டிமார் செம்புப் பாத்திரத்தில் பார்த்துப் புளி போட்டுத் தேய்த்த அதே களிம்புதான் இது.

பழைய டார்ச் லைட் பேட்டரிகளின் கதை வேறு. அவை துத்தநாகமும் கரியும் கொண்டவை. 1866-இல் பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே அமைத்த மின்கலத்தின் வழிவந்தவை. அவற்றில் இருந்தது நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. பின்னாளில் துத்தநாகக் குளோரைடும் வந்தது. இவை அமிலத்தன்மை உள்ளவை. துத்தநாகக் கூடே கரைந்து ஓட்டையாகிக் கசியும். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு, ஊதிப்போய் விளக்குக்குள் சிக்கிக்கொண்ட பேட்டரியைத் தட்டித் தட்டி எடுத்த அனுபவம் இருக்கும்.

கசிந்தது எது என்பதைப் பொறுத்து மருந்தும் மாறும் என்பதற்காகவே இதையெல்லாம் சொல்கிறோம். காரக் கசிவுக்குப் புளிப்பு வேண்டும். அமிலக் கசிவுக்குச் சமையல் சோடா வேண்டும். மாற்றிப் போட்டால் களிம்பு போகாது.

நம் ஊர்க் காற்றும் இதில் ஒரு கூட்டாளி. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த தட்பவெப்பத்தில், கசிந்த உப்பு நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அரிப்பு ஓயாது. வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட் வட்டாரத்தில் தண்ணீர் ஏறியபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் நனைந்தன. வெள்ளத்தில் முழுவதுமாக மூழ்கிய கேமராவுக்கு இந்தக் கட்டுரை போதாது. அதன் ஷட்டருக்குள்ளும் லென்சுக்குள்ளும் சேறு போயிருக்கும். கசிவால் மட்டும் கெட்டவற்றைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

ஈயம் என்று நாம் சொல்வது

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் நச்சு. கேமராவையும் ரேடியோவையும் பழுதுபார்க்கப் பயன்படும் ஈயக் கம்பியில் இவை இரண்டும் கலந்திருக்கும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் சட்டென்று உருகும், சட்டென்று உறையும். இடையில் குழைந்து நிற்கும் நிலையே கிடையாது. கை பழகாதவருக்கு இதுதான் ஏற்றது. 60-க்கு 40 கலவையும் பரவாயில்லை.

காரீயம் இல்லாத கம்பியும் இப்போது எங்கும் கிடைக்கிறது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு தொழிற்சாலைகள் அதற்கு மாறின. ஆனால் அது உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். பழைய கேமராவின் பிளாஸ்டிக்கோ அந்தச் சூட்டைத் தாங்காது. அந்தக் காலக் கேமராக்களில் இருப்பதும் காரீயம் கலந்த ஈயம்தான். ஆகவே அதே இனத்தைப் பயன்படுத்துவது நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலை செய்யும் மேசையில் தேநீர், பிஸ்கட் எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. எழும் புகை காரீயப் புகை அல்ல, கம்பிக்குள் இருக்கும் பிசின் எரியும் புகை. அதுவும் மூச்சுக்குழலுக்கு ஆகாது. மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்துப் புகையை வெளியே தள்ளுங்கள்.

உலகின் வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி இன்று இப்படிப் பற்றவைக்கும் வேலைக்கே போகிறது. ஒரு காலத்தில் அந்த வெள்ளீயத்தைப் பெருமளவு தோண்டிக் கொடுத்தது மலாயாதான். 1985 அக்டோபரில் விலை சரிந்த பிறகே பேராக், சிலாங்கூர் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ரப்பருக்கு வந்த கதைபோல இதுவும் ஒன்று. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஈயக் கம்பிக்குள் ஓடும் பிசினுக்கு ரோசின் என்று பெயர். பால்மரத்தைக் கீறிப் பால் எடுப்பதுபோலப் பைன் மரத்தைக் கீறி எடுக்கும் பிசினிலிருந்து இது கிடைக்கிறது. உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கி ஈயம் ஒட்ட வழி செய்வது இதன் வேலை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர்கள் பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத் தூளைத் தூவித் தேய்த்ததும் இதற்காகத்தான். கொள்கை ஒன்றுதான், ஆனால் கேமராவுக்குள் நவச்சாரத்தைக் கொண்டுபோகக் கூடாது. மிச்சம் இருந்தால் அதுவே மறுபடி அரிக்கும். தகரக் கூரை ஒட்டப் பயன்படும் அமிலப் பிளக்சுக்கும் இதே விதிதான்.

தொடங்கும் முன்

முதலில் கேமராவுக்குள் பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை மெதுவாகத் திருப்பினால் இறுக்கம் தெரியும். இறுக்கம் இருந்தால் பின்கதவைத் திறக்க வேண்டாம். அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு முழுவதும் சுற்றி எடுத்துவிட்டுத் திறங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படமாக இருந்தாலும் கழுவினால் ஏதாவது தெரிய வாய்ப்புண்டு. கேமராவைவிட அந்தப் பிலிமுக்கு மதிப்பு அதிகமாக இருக்கக்கூடும். இன்று காடாகவோ செம்பனையாகவோ வீடமைப்புத் திட்டமாகவோ மாறிவிட்ட ஒரு தோட்டத்தின் லயம், கோயில், பள்ளிக்கூடத் திடல் அதில் இருக்கலாம். அவற்றுக்கு வேறு சான்று இல்லாத குடும்பங்கள் நம்மில் நிறைய.

அடுத்து, கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற ஒயர் எந்த முனையில் என்பது நினைவில் நிற்காது. பேட்டரியின் எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்பதையும் குறித்து வையுங்கள். கேமராவின் உலோக உடல் எப்போதும் நெகட்டிவ் என்று எண்ண வேண்டாம். பட்டன் பேட்டரி போடும் பழைய கேமராக்கள் சிலவற்றில் உடலே பாசிட்டிவ்.

பிளாஷ்: இதைத் தாண்டிப் போக வேண்டாம்

தனியாகப் பொருத்தும் பிளாஷும், பிளாஷ் சேர்ந்தே வரும் சின்னக் கேமராவும் ஒரே வகை ஆபத்துதான். 1975-இல் வந்த கோனிக்கா சி35 இஎப் தொடங்கி, தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு இருந்த தானியங்கிக் கேமராக்கள் வரை எல்லாவற்றிலும் உள்ளே ஒரு பெரிய கெப்பாசிட்டர் உண்டு. நான்கு ஏஏ பேட்டரியின் 6 வோல்ட்டை உள்ளிருக்கும் சுற்று 300 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி அதில் சேமித்து வைக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் அந்த மின்னூட்டம் நெடுநேரம் அப்படியே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் 330 வோல்ட்டில் நிறைந்திருந்தால் அதிலுள்ள ஆற்றல் ஏறத்தாழ 54 ஜூல். ஒரு கையில் நுழைந்து நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கினால் ஓர் ஆளைச் சாய்க்க அது போதும். உயிர் பிழைத்தாலும் தீக்காயம் நிச்சயம்.

மின்னூட்டத்தை இறக்கும் முறை இது. பேட்டரியை எடுங்கள். ஒரு முறை பிளாஷை அடித்துவிடுங்கள். பெரும்பகுதி அதில் போகும், முழுவதும் போகாது. பிறகு கூட்டைத் திறந்து, 2 கிலோ ஓம் அளவும் 10 வாட் திறனும் உள்ள ரெசிஸ்டரின் இரு நுனிகளிலும் இன்சுலேஷன் உள்ள ஒயர் வைத்து, கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் இடையே பத்துப் பதினைந்து வினாடி பிடியுங்கள். ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். மறு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அடுத்து மல்டிமீட்டரை 600 வோல்ட் டிசிக்கு மேற்பட்ட அளவில் வைத்து அளந்து, ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்யுங்கள். சற்று நேரம் கழித்து மறுபடி அளங்கள். காலியான கெப்பாசிட்டரில் கொஞ்சம் வோல்ட் தானாகவே திரும்பி ஏறும் இயல்பு உண்டு.

திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க இறக்குபவர்களையும் பார்க்கலாம். அது வீரம் அல்ல. திருப்புளியின் நுனி உருகும், கெப்பாசிட்டர் கெடும், தெறிக்கும் உலோகம் கண்ணில் படும். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் பிளாஷ் உள்ள எதையும் திறக்க வேண்டாம். இதில் நடுவழி கிடையாது.

பிளாஷ் இல்லாத, பட்டன் பேட்டரியில் ஒளிமானி மட்டும் ஓடும் கேமராக்களில் இந்த ஆபத்து இல்லை. முதல் முயற்சிக்கு அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது

உள்ளே இருப்பது அல்கலைன் பேட்டரி என்றால், பஞ்சுக் குச்சியின் நுனியைச் சமையல் வினிகரில் தொட்டுப் பிழிந்துவிட்டுத் தேயுங்கள். பொங்கும், பொங்கி அடங்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் தேயுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும். பாலை உறைய வைக்கும் சூக்கா கெத்தா வேண்டாம். அது பார்மிக் அமிலம்; கண்ணுக்கும் தோலுக்கும் கேடு, உலோகத்தையும் தின்னும். பழைய டார்ச் வகைப் பேட்டரி என்றால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்க வேண்டும்.

எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். வினிகர் வேலை செய்த பிறகு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் இருமுறை துடையுங்கள். பின்னர் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். மிச்சமிருக்கும் கறையைப் பேனா மை அழிக்கும் ரப்பராலோ, 800 எண் உப்புத்தாளின் சின்னத் துண்டாலோ எடுக்கலாம். மின்ன மின்னத் தேய்ப்பது தவறு. தகட்டின் மேலே நிக்கல் பூச்சு இருக்கும். அது போனால் கீழே இருக்கும் இரும்பு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

பலர் இந்தக் கட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். தகடு பளிச்சென்று இருக்கும், கேமரா மட்டும் ஓடாது. காரணம் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கசிந்த காரம் ஒயரின் மேலுறைக்குள் ஏறி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உள்ளே நெடுந்தூரம் போகும். வெளியே ஒயர் முழுசாகத் தெரியும்; உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருக்கும். கேமராவின் அடித்தகட்டில் இருக்கும் மூன்று நான்கு சின்னத் திருகுகளைக் கழற்றினால் அந்த ஒயர் தெரியும். திருகுகளுக்குச் சரியான அளவு திருப்புளி வேண்டும். நுனி பெரிதானாலும் சிறிதானாலும் தலை வழுகிவிடும். வழுகிய திருகை எடுப்பது இந்த மொத்த வேலையையும்விடக் கடினம்.

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையை ஒயரின் அடுத்த கோடியிலும் வையுங்கள். சத்தம் வந்தால் ஒயர் நல்லது; பழுது வேறெங்கோ இருக்கிறது. சத்தம் வராவிட்டால் ஒயரைச் சற்று உரித்துப் பாருங்கள். செம்பு நிறம் தெரியும் இடம்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. கொஞ்சம் சுரண்டி ஒட்டுப் போட்டாலும் சில மாதங்களில் மறுபடி போகும். ஒயர் முழுவதையும் மாற்றுவதே சரி.

பற்றவைக்கும் வேலை

எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அக்காமார் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் பினாங்கு பாயான் லெப்பாசில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயங்களும், பின்னர் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வந்த தொழிற்சாலைகளும் தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இந்தக் கைப்பழக்கத்தைக் கொடுத்தன. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதல் பாடத்தை அவரிடமே கேளுங்கள்.

மற்றவர்களுக்கு: 30 அல்லது 40 வாட் சோல்டரிங் அயன் போதும். வெப்பம் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் 330 முதல் 350 பாகைக்குள் வையுங்கள். நுனி ஊசிபோல இருக்க வேண்டாம், 2 மி.மீ. அகலமாவது இருந்தால்தான் சூடு வேகமாக இறங்கும். சூடு குறைந்த அயனை நெடுநேரம் வைத்திருப்பதுதான் பிளாஸ்டிக்கை உருக்குகிறது. நல்ல சூட்டில் இரண்டு மூன்று வினாடி வைத்து எடுப்பதால் கெடுதல் குறைவு.

முடிந்தால் தகட்டைக் கூட்டிலிருந்து வெளியே உருவி எடுத்துப் பற்றவையுங்கள். பெரும்பாலானவை ஒரு கொக்கியாலோ ஒரு திருகாலோதான் நிற்கும். ஸ்பிரிங் தகடாக இருந்தால் வால் பகுதியில் மட்டும் சூடு படட்டும். வாலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஒரு சிறிய உலோகக் கிளிப்பைக் கடிக்க விடுங்கள். சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் அதிகம் சூடேறினால் விறைப்புப் போய்த் துவண்டுவிடும். பிறகு பேட்டரியை அழுத்திப் பிடிக்காது.

பற்றவைக்க வேண்டிய இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள். ரோசின் பிளக்ஸ் ஒரு துளி. அயனால் தகட்டைச் சூடாக்கி, ஈயக் கம்பியை அயனில் அல்லாமல் தகட்டில் தொட்டு உருக விடுங்கள். மெல்லிய பூச்சாக ஈயம் பரவியதும் எடுத்துவிடுங்கள். ஒயர் நுனிக்கும் இதேபோலத் தனியாக ஈயம் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து அயனால் ஒரு தொடுதல். ஈயம் இரண்டும் கலந்ததும் அயனை எடுத்துவிட்டு, ஒயரை அசைக்காமல் மூன்று வினாடி பிடியுங்கள். உறையும் நேரத்தில் கை ஆடினால் உள்ளே விரிசல் விழும். பார்வைக்குச் சரியாக இருந்தாலும் ஒரு நாள் விட்டுப்போகும்.

நல்ல பற்று, தோசைக்கல்லில் எண்ணெய் பரவியதுபோல விளிம்பு தெரியாமல் படிந்து மினுங்கும். கெட்ட பற்று தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். உருண்டு நின்றால் தகட்டில் சூடு போதவில்லை, அல்லது அழுக்கு இருக்கிறது. மேலும் ஈயம் வைப்பதால் பயனில்லை. எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சில தகடுகளில், குறிப்பாகத் துருப்பிடிக்காத எஃகிலும் குரோம் பூச்சிலும், ரோசினை வைத்து ஈயம் ஒட்டாது. அமிலப் பிளக்ஸ் போட்டால் ஒட்டும். ஆனால் தகட்டைக் கேமராவிலிருந்து வெளியே எடுத்து வேலை செய்து, நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே திரும்ப மாட்ட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி உண்டு. கெட்டுப்போன டிவி ரிமோட்டிலோ பிள்ளைகளின் பொம்மையிலோ இருக்கும் தகட்டைக் கழற்றி அளவாக வெட்டிப் போடுங்கள். அவை சுலபமாக ஈயம் ஏற்கும் வகையாகவே பெரும்பாலும் இருக்கும்.

பேட்டரி நேராகத் தொடும் முகத்தில் ஈயத்தை மேடாக ஏற்றாதீர்கள். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நசுங்கித் தொடர்பு தளரும். பேட்டரியின் மேலேயே ஒயரைப் பற்றவைக்கும் எண்ணமும் வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி சூட்டில் வெடிக்கும். பட்டன் பேட்டரியின் அடைப்பு உருகிக் கசியும்.

ஒயரின் பருமனையும் கவனியுங்கள். ஒளிமானிக்குத் தேவைப்படுவது மிகச் சொற்ப மின்சாரம். தலைமுடி பருமனுள்ள ஒயரும் போதும். பிளாஷுக்கு அப்படி அல்ல. மின்னூட்டம் ஏறும்போது மூன்று ஆம்பியர்கூட இழுக்கும். முனையில் அரை ஓம் தடை மிச்சமிருந்தால் ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். 6 வோல்ட்டில் கால் பங்கு அது. புதுப் பேட்டரி போட்டும் பிளாஷின் விளக்கு எரிய ஒரு நிமிடம் ஆகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிளாஷுக்கு 0.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள்.

பாதரச பேட்டரிக்கு எங்கே போவது?

முனையைச் சரிசெய்தாலும் சில கேமராக்களுக்கு உரிய பேட்டரி இன்று கடையில் இல்லை. கேனன் கியூஎல்17, மினோல்டா எஸ்ஆர்டி-101, ரோலை 35 போன்றவை பிஎக்ஸ்625 என்ற பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது தீரும்வரை 1.35 வோல்ட்டிலேயே நிலைத்து நிற்கும். பாதரசம் நச்சு என்பதால் தொண்ணூறுகளில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைத் தடுத்தன; உற்பத்தியும் நின்றது.

ரோலை 35 நமக்குப் பக்கத்து ஊர்க்காரன். 1966-இல் ஜெர்மனியில் பிறந்த இந்தச் சட்டைப்பைக் கேமராவின் தயாரிப்பு, எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு மாறியது. 1981-இல் நிறுவனம் நொடித்துப் போகும்வரை ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தார்கள். மேல்தகட்டிலோ அடியிலோ சிங்கப்பூர் என்ற எழுத்தைப் பார்த்தால் இது அந்தக் காலத்தது. இதன் பேட்டரி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது; பின்கூட்டை உருவாமல் எட்டாது. பிலிம் இருக்கும்போது மாற்ற முடியாது என்பதால் பலர் மாற்றாமலே விட்டார்கள். கசிவும் வெளியே தெரியாமல் உள்ளே வளர்ந்தது. வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பின்கூட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தே வாங்குங்கள். (மினோல்டாவின் பின்னாளைய லென்சுகள் சிலவற்றில் மலேசியா என்று அச்சிட்டிருப்பதையும் பார்க்கலாம். நம் நாட்டில் செய்ததுதான்.)

இன்று கிடைக்கும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட். இதை அப்படியே போட்டால் ஒளிமானி வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும். படம் இருண்டு வரும். அந்த 0.2 வோல்ட்டைக் குறைக்க, ஒயரின் நடுவில் பிஏடி43 போன்ற ஒரு ஷாட்கி டயோடைப் பற்றவைக்கிறார்கள். பாசிட்டிவ் ஒயரில் வைத்தால் டயோடின் கோடு உள்ள பக்கம் கேமராவின் சுற்றை நோக்கி இருக்க வேண்டும். நெகட்டிவ் ஒயரில் வைத்தால் கோடு பேட்டரியை நோக்கி. எஸ்ஆர்44 அளவில் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். விலை குறைந்த எல்ஆர்44 இதே அளவுதான். ஆனால் அது அல்கலைன். வோல்ட் சரிந்துகொண்டே போகும், கசியவும் செய்யும்.

எல்லாவற்றுக்கும் இந்த டயோடு வேலை தேவையில்லை. பென்டக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் சுற்று பேட்டரியின் வோல்ட் மாறினாலும் அளவு மாறாதபடி அமைந்தது. யாஷிகா எலெக்ட்ரோ 35 கேட்டது 5.6 வோல்ட், இன்றைய 6 வோல்ட் பேட்டரியை ஒரு சிறு உலோக இடைத்துண்டு வைத்துப் போட்டாலே ஓடும். நிக்கான் எப்எம், பென்டக்ஸ் கே1000 இரண்டும் தொடக்கத்திலிருந்தே எல்ஆர்44 வகையில் ஓடுபவை. ஒலிம்பஸ் டிரிப் 35-க்குப் பேட்டரியே இல்லை. அதில் பேட்டரிக் கதவைத் தேடி யாரும் அடித்தகட்டைக் கழற்ற வேண்டாம்.

சாமான் வாங்குவதும் பிறகு பாதுகாப்பதும்

ஈயக் கம்பி, அயன், உப்புத்தாள் எல்லாம் லாபிஸ், சிகாமட் ஹார்ட்வேர் கடைகளிலேயே கிடைக்கும். டயோடு, 10 வாட் ரெசிஸ்டர், மெல்லிய ஒயர் போன்றவற்றுக்கு ஜொகூர் பாருவின் மின்னணு உதிரிப்பாகக் கடைகளுக்கோ, கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்கோ போக வேண்டியிருக்கும். இணையத்திலும் வாங்கலாம். மல்டிமீட்டரை மட்டும் மிகவும் மலிவாகப் பார்த்து வாங்காதீர்கள். பிளாஷை அளக்கும்போது உங்கள் கைக்கும் 300 வோல்ட்டுக்கும் இடையே இருப்பது அந்த மீட்டரின் ஒயர் உறை மட்டுமே.

சரிசெய்த கேமராவைப் பேட்டரி இல்லாமல் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் லென்சில் பூஞ்சை பிடிப்பதும் குறையும். ஈரம் உறிஞ்ச அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் வேண்டாம். மாவுத் தூசி உள்ளே போகும். டப்பாவை மேல்தட்டில் வையுங்கள், வெள்ளம் வந்த ஊர் இது. ஆண்டுக்கு இருமுறையாவது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் சரி, எடுத்து ஷட்டரைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள்.

கழற்றி எடுத்த பழைய பட்டன் பேட்டரி பாதரச வகையாக இருக்கக்கூடும். அதைத் திறக்கவோ, நெருப்பில் போடவோ, குப்பையில் எறியவோ கூடாது. பிள்ளைகள் விழுங்கும் அளவில் இருப்பதால் ஒட்டுநாடாவால் முழுவதும் சுற்றி, மூடியுள்ள புட்டியில் போட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.